புது நாட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை: அகதிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போரோ அடக்குமுறையோ துரத்தி, ஊரை விட்டு வந்து, புது நாட்டில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பள்ளிச் சந்திப்புகளில் மொழிபெயர்க்க உட்காரும்போது என் காதில் விழும் கேள்விகள் இவை. 3 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் அதற்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது: "இந்த மொழியும் தெரியாது, இந்தப் பள்ளியும் புரியவில்லை, இனி என் பிள்ளையின் படிப்பில் எனக்கு என்ன வேலை?" நிறைய வேலை இருக்கிறது. அதில் பெரும்பகுதியை உங்கள் மொழியிலேயே செய்யலாம்.

எங்கள் தஞ்சக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வரவில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியில் அகதிகளைச் சொந்தக் குடிமக்களைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது. 1989இல் வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாகவும் இலவசமாகவும் கிடைக்க வேண்டும் என்கிறது. பெற்றோரிடம் என்ன விசா இருக்கிறது என்ற நிபந்தனை அதில் இல்லை. அமெரிக்கா இந்த இரண்டாவது உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனாலும் முறையான குடியேற்ற ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளியை மறுக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு விதிப்படி, தஞ்சம் கேட்ட குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளியை 3 மாதத்துக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. 2024இல் அதைத் திருத்தியபோது 2 மாதமாகக் குறைத்தார்கள்.

சட்டம் இப்படி இருந்தாலும், பள்ளி அலுவலகத்தில் "இடமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது நடக்கத்தான் செய்கிறது. அப்படிச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வேறு எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது, காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியதா என்று கேளுங்கள். பிறகு அந்தப் பகுதியின் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். எழுத்தில் கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் அட்டை எதுவும் கையில் இல்லை. என்ன செய்வது?

இருப்பதைக் கொண்டு போங்கள். இல்லாததற்கு ஈடாகப் பெரும்பாலான இடங்களில் ஒரு வழி இருக்கும். வயதுக்குப் பெற்றோரின் எழுத்துமூல உறுதிமொழியையோ தஞ்சக் கோரிக்கைத் தாளில் உள்ள பிறந்த தேதியையோ ஏற்றுக்கொள்வதுண்டு. தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால், மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார், அல்லது ஊசிகளை மறுபடி போடச் சொல்வார். போட்ட ஊசியையே திரும்பப் போட்டாலும் பொதுவாக ஆபத்தில்லை.

ஒன்றை மட்டும் முதல் வாரத்திலேயே பாருங்கள். சரியான பிறந்த தேதி தெரியாதபோது அதிகாரிகள் ஜனவரி 1 என்று எழுதிவிடுவது பல நாடுகளில் வழக்கம். பிள்ளையின் வகுப்பை வயதை வைத்தே முடிவு செய்வதால், ஆண்டில் ஒரு பிழை இருந்தாலும் பிள்ளை தவறான வகுப்பில் போய் உட்கார வேண்டிவரும். தேதி தவறாக இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். நாளாக நாளாக அது கடினமாகிக்கொண்டே போகும்.

பழைய பள்ளியில் எந்த வகுப்பு வரை படித்தான், எத்தனை மாதம் படிப்பு நின்றுபோனது, எந்த மொழியில் படித்தான், எதை விரும்பிப் படித்தான் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும். மதிப்பெண் அட்டை சொல்லாததை அந்த ஒரு பக்கம் சொல்லும்.

பாலர் பள்ளியில் நாள் முழுக்க விளையாடுகிறார்கள். இதில் என்ன படிப்பு?

அதுதான் அந்த வயதின் படிப்பு. முறையான பள்ளி எந்த வயதில் தொடங்குகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 5 வயதில் கட்டாயக் கல்வி தொடங்குகிறது, ஜெர்மனியில் 6, பின்லாந்தில் முதல் வகுப்பு 7 வயதில். அதற்கு முன் எழுத்து எழுதச் சொல்லவில்லை என்றால், உங்கள் பிள்ளையை ஒதுக்கிவிட்டார்கள் என்று பொருள் கொள்ள வேண்டாம். வரிசையில் நிற்பது, முறை வரும்வரை காத்திருப்பது, "எனக்கும் தா" என்று கேட்பது, கத்தரிக்கோல் பிடிப்பது என்று இதெல்லாம் அங்கே பாடம். பாதுகாப்பாக விளையாடுவதையே மறந்துபோன பிள்ளைக்கு இது இன்னும் தேவை. முடிந்தால் அனுப்புங்கள். புது மொழியும் பள்ளியின் ஒழுங்கும் முதல் வகுப்பில் ஒரே நாளில் வந்து விழாமல், ஒவ்வொன்றாகப் பழக்கமாகும்.

எங்கள் மகளைத் தனி மொழி வகுப்பில் போட்டிருக்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா?

கொஞ்ச காலத்துக்கு என்றால் சரி. சில நாடுகளில் புதிதாக வந்த பிள்ளைகளை முதலில் தனி வகுப்பில் வைத்து மொழி கற்றுக்கொடுக்கிறார்கள். வேறு சில நாடுகளில் முதல் நாளே வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, நடுவில் சில மணி நேரம் மட்டும் மொழி வகுப்புக்கு அனுப்புகிறார்கள். நான் இரண்டாவதையே விரும்புவேன். கூடப் பேசவும் விளையாடவும் சக வயதுப் பிள்ளைகள் இல்லாமல் மொழி ஒட்டாது.

தனி வகுப்பாக இருந்தால் மூன்றைக் கேளுங்கள். வழக்கமான வகுப்புக்கு எப்போது மாற்றுவீர்கள்? அதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்? அதுவரை கணிதமும் அறிவியலும் யார் சொல்லித் தருவார்கள்? மூன்றாவதுதான் முக்கியமான கேள்வி. மொழி வரும்வரை மற்றப் பாடங்களை நிறுத்தி வைத்தால், மொழி வந்தபிறகு பாடத்தில் பின்தங்கி நிற்பாள். இரண்டு வயது குறைந்த பிள்ளைகளோடு உட்கார வைத்தாலோ தயங்காமல் காரணம் கேளுங்கள்.

பள்ளியில் வாயே திறப்பதில்லை என்கிறார்கள். வீட்டில் நன்றாகப் பேசுகிறான்.

புது மொழிக்குள் போகும் சின்னப் பிள்ளைகளில் பலர் முதலில் சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள் கூட, பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகளைப் பார்க்கிறான், சொல்லைப் பொருளோடு சேர்த்துப் பார்க்கிறான், சைகையால் பதில் சொல்கிறான். "இன்று அந்த மொழியில் ஏதாவது பேசினாயா?" என்று தினமும் கேட்டு நெருக்காதீர்கள். உறவினர் முன்னால் நிறுத்திப் பேசிக் காட்டச் சொல்லாதீர்கள்.

கழிப்பறைக்குப் போக வேண்டும், வயிறு வலிக்கிறது, தண்ணீர் வேண்டும், எனக்குப் புரியவில்லை, இந்த நான்கையும் சொல்லவோ காட்டவோ ஒரு வழி செய்து கொடுங்கள். சின்னப் படங்கள் வரைந்த அட்டை போதும். ஆசிரியரிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டால், முன்பு தெரிந்ததை மறந்தால், மற்ற பிள்ளைகள் பக்கமே போகாமல் மாதக்கணக்கில் ஒதுங்கி இருந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மொழி சீக்கிரம் வர வேண்டும் என்று வீட்டிலும் புது மொழியிலேயே பேசலாமா?

வேண்டாம். இந்த ஒரு பதிலில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

நல்ல எண்ணத்தோடுதான் சில ஆசிரியர்கள் இப்படிச் சொல்கிறார்கள். பெற்றோரும் தம் ஆசையை விட்டுக்கொடுத்து, தெரிந்த இருநூறு சொற்களை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் பேச முயல்கிறார்கள். என்ன ஆகிறது? "வா, சாப்பிடு, தூங்கு, கூடாது" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஏன் மழை வருகிறது, தாத்தா எப்படி இறந்தார், அவன் உன்னைத் தள்ளியபோது உனக்கு என்ன தோன்றியது போன்ற பேச்சுகளே வீட்டில் இல்லாமல் போகின்றன. ஒரு பிள்ளையின் அறிவு வளர்வது அந்தப் பேச்சுகளில்தான்.

இதற்கு ஆராய்ச்சியின் துணையும் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ், 1979இலிருந்து இரண்டு வகை மொழித் திறனைப் பிரித்துக் காட்டினார். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி சுமார் 2 ஆண்டில் வந்துவிடும். பாடப் புத்தகத்தைப் புரிந்துகொண்டு, காரணம் சொல்லி, எழுதும் மொழியில் சக மாணவரை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டு வரை ஆகலாம். முதல் மொழியில் ஒரு கருத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை, இரண்டாவது மொழியில் அதற்கான சொல்லை மட்டும் கற்றால் போதும் என்றும் அவர் சொன்னார். "பாதி" என்றால் என்ன, "காரணம்" என்றால் என்ன என்று வீட்டு மொழியில் தெரிந்தவன், பள்ளியில் அதைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் புரிந்துகொள்ளலாம். மகள் கடகடவென்று புது மொழி பேசுவதைக் கேட்டு, "இவளுக்கு இனி உதவி வேண்டாம்" என்று பள்ளி மொழி வகுப்பை நிறுத்தப் பார்க்கும். பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், வாசிப்பையும் எழுத்தையும் சோதித்துப் பாருங்கள் என்று கேளுங்கள்.

வீட்டில் என்ன செய்வது? கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள். சொற்களே இல்லாத படப் புத்தகங்கள் நூலகத்தில் கிடைக்கும். அவற்றை எந்த மொழியிலும் "வாசிக்கலாம்". உங்கள் மொழிப் புத்தகம் வேண்டும் என்று நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், பல நூலகங்கள் வரவழைத்துத் தருகின்றன. பள்ளியில் அடுத்த வாரம் என்ன பாடம் என்று முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, விதை முளைப்பதோ நிழல் விழுவதோ, அதை உங்கள் மொழியில் முதல் நாளே பேசிவிடுங்கள். வகுப்பில் அவனுக்குப் பாதி புரிந்துவிடும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் வீட்டு உதவி இல்லை.

கொஞ்ச நாளில் பிள்ளை புது மொழியிலேயே பதில் சொல்லத் தொடங்குவான். கோபிக்காதீர்கள். நீங்கள் உங்கள் மொழியிலேயே தொடருங்கள். அவன் சொன்னதை உங்கள் மொழியில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சை நகர்த்துங்கள். பெற்றோரின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் மதிப்புக் கொடுப்பதும் கல்வியின் நோக்கம் என்று குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 29ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆசிரியர் வற்புறுத்தினால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

நான் அதிகம் படிக்கவில்லை. வீட்டுப்பாடத்துக்கு எப்படி உதவுவேன்?

விடை தெரிந்திருக்க வேண்டியது உங்கள் வேலையில்லை. அதே இடம், அதே நேரம், தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "இதில் என்ன கேட்கிறார்கள், எனக்குச் சொல்லிக் கொடு" என்று உங்கள் மொழியில் கேளுங்கள். பிள்ளை அதை விளக்க முயலும்போதே, தனக்கு எது புரியவில்லை என்று கண்டுபிடித்துவிடும். வாசிக்கத் தொடங்கிய பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே தடுமாறுகிறது என்பது மொழி தெரியாமலேயே உங்கள் காதுக்குத் தெரியும்.

கணிதத்தில் ஒரு சிக்கல் வரும். வகுத்தல் கணக்கை எழுதும் முறை நாட்டுக்கு நாடு மாறும். தசமத்துக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் புள்ளி, ஜெர்மனி, பிரான்சு போன்ற நாடுகளில் காற்புள்ளி. 1, 7 ஆகியவற்றை எழுதும் விதம்கூட வேறு. நீங்கள் சொல்லிக்கொடுத்த முறையைப் பள்ளியில் தவறு என்று அடித்துவிட்டால் பிள்ளை உங்களை நம்பாமல் போகும். அதனால் முதலில் பள்ளியில் செய்யும் முறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் முறையையும் காட்டலாம். விடை ஒன்றாக வருவதைக் கண்டால் பிள்ளைக்கே மகிழ்ச்சிதான்.

எது வேண்டாம் என்றால், நீங்களே செய்து கொடுப்பது வேண்டாம். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக் கேள்வியைப் புரிந்துகொள்ளுங்கள், விடையை எடுக்காதீர்கள். அரை மணி நேரம் முயன்றும் முடியவில்லையா? நோட்டை மூடிவிட்டு "முயன்றோம், புரியவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நல்ல ஆசிரியருக்கு அது மிகவும் உதவும் செய்தி. பள்ளி முடிந்தபின் வீட்டுப்பாட உதவி வகுப்பு நடக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஆசிரியரைச் சந்திக்க அழைத்திருக்கிறார்கள். பிள்ளை ஏதாவது தவறு செய்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை எல்லாப் பெற்றோரையும் அழைப்பது பல நாடுகளில் வழக்கம். நம்மில் பலருக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே புகார்தான் என்ற நினைப்பு. இன்னொன்று, ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்திருக்கிறோம். படிப்பு அவர் பொறுப்பு, அதில் தலையிடக் கூடாது என்று ஒதுங்கி நிற்கிறோம். புது நாட்டு ஆசிரியருக்கோ, வராத, கேட்காத பெற்றோரைப் பார்த்தால் "இவர்களுக்கு அக்கறை இல்லை" என்று தோன்றிவிடுகிறது. இரண்டு பக்கமும் மரியாதையோடு நடந்துகொண்டே ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வதை எத்தனையோ சந்திப்புகளில் பார்த்திருக்கிறேன். எனவே போங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி வேறு நாள் கேளுங்கள்.

சந்திப்பு பத்துப் பதினைந்து நிமிடம்தான் இருக்கும். மொழிபெயர்ப்பு வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், அதற்காக இரட்டிப்பு நேரமும் கேளுங்கள். பல பள்ளிகளால் தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்ய முடியும். கனடாவில் பல பள்ளிகளில் புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவவே பணியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் நாட்டில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று பள்ளி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

"நன்றாகப் படிக்கிறானா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறான்" என்று பதில் வரும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. இப்படிக் கேளுங்கள்: இந்த வயதில் ஒரு பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், அதில் என் பிள்ளைக்கு எது வரவில்லை? இடைவேளையில் யாரோடு விளையாடுகிறான்? வகுப்பில் எந்த நேரத்தில் சோர்ந்துபோகிறான்? வீட்டில் நான் ஒரு காரியம் செய்யலாம் என்றால் எதைச் செய்யட்டும்? கிளம்பும் முன், அடுத்து எப்போது பேசலாம் என்று ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது என்றும் அன்றே சொல்லிக் கொடுங்கள். வேண்டுமானால் ஒலிப்பதிவு அனுப்புங்கள். வசதிக்காக ஆசிரியர் வைக்கும் சுருக்கப் பெயரை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மூத்த மகளுக்கு மொழி நன்றாக வந்துவிட்டது. அவளையே மொழிபெயர்க்கச் சொன்னால் என்ன?

கடையில், பேருந்தில் பரவாயில்லை, அவளுக்கும் பெருமையாக இருக்கும். மருத்துவமனை, வழக்கறிஞர், குடியேற்ற அலுவலகம், ஆசிரியர் சந்திப்பு, இந்த இடங்களில் வேண்டாம். தம்பியின் குறைகளைத் தானே அம்மாவிடம் சொல்ல வேண்டிய நிலை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வரக் கூடாது. உங்கள் வழக்கில் சொல்லும் கொடுமைகளை அவள் தன் வாயால் இன்னொரு மொழியில் சொல்லவும் கூடாது. அப்புறம், வீட்டில் பெரியவர் யார் என்பதே குழம்பிவிடும். கடிதங்களைப் படித்துச் சொல்ல அவள் பள்ளியைத் தவறவிடுவது நடந்தால், அன்றே நிறுத்துங்கள்.

எங்களுக்கு நடந்ததைப் பள்ளியில் சொல்ல வேண்டுமா?

முழுக்கச் சொல்லத் தேவையில்லை. உங்கள் வழக்கின் விவரம் பள்ளிக்கு வேண்டாம். ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியது, எது பிள்ளையைப் பயமுறுத்துகிறது என்பது. தீயணைப்புப் பயிற்சி மணி, விமானச் சத்தம், சீருடைக்காரர், பூட்டிய கதவு, வெடிச் சத்தம் என்று எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். பயிற்சி மணி அடிக்கும் நாளை முன்பே தெரிவிக்கக் கேளுங்கள். முந்தின இரவே பிள்ளையிடம் சொல்லிவிட்டால் பாதிப் பயம் குறையும். அப்பாவோ அம்மாவோ கூட இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். "குடும்பப் படம் வரை" என்று வகுப்பில் சொல்லும் நாளுக்கு ஆசிரியர் தயாராக இருப்பார்.

படுக்கையை நனைப்பது, காலையில் வயிற்றுவலி, கெட்ட கனவு, நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடுவது எல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் வரும். திட்டாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தால், மருத்துவ உதவி தேடுங்கள். பைத்தியம் என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று தயங்க வேண்டாம். பெரியவர்களையே உலுக்கிய நிகழ்ச்சிக்குப் பிள்ளையின் உடம்பு காட்டும் பதில் அது. உங்கள் தூக்கமும் போயிருந்தால் உங்களுக்கும் உதவி கேளுங்கள். அதுவும் பிள்ளையின் படிப்புக்குச் செய்யும் உதவிதான்.

படிக்காவிட்டால் அடிக்கக் கூடாதாமே?

கூடாது. சுவீடன் 1979இல் வீட்டிலும் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடை செய்தது. இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தத் தடை இருக்கிறது. முழுத் தடை இல்லாத இடங்களிலும், பிள்ளையின் உடம்பில் அடையாளம் தெரிந்தால் ஆசிரியர் அதிகாரிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. அவர் உங்களைக் காட்டிக்கொடுக்கிறார் என்று நினைக்காதீர்கள், சட்டம் அவரைக் கட்டியிருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். வன்முறையிலிருந்து தப்பி வந்த பிள்ளைக்கு வீடு ஒன்றாவது அடி விழாத இடமாக இருக்க வேண்டும். கண்டிப்பை விட வேண்டியதில்லை. முன்பே சொன்ன விதி, அதை மீறினால் உடனே ஒரு சின்ன விளைவு (இன்று கைபேசி இல்லை என்பது போல), அப்புறம் அதோடு முடிந்தது. பழையதைத் திரும்ப எடுக்கக் கூடாது.

வகுப்பில் கேலி செய்கிறார்கள், "உன் நாட்டுக்குப் போ" என்கிறார்கள்.

"கண்டுகொள்ளாதே" என்றும் சொல்லாதீர்கள், "திருப்பி அடி" என்றும் சொல்லாதீர்கள். முதலில் பிள்ளை சொல்வதை முழுக்கக் கேளுங்கள். என்றைக்கு, எந்த இடத்தில், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று குறித்து வையுங்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் தலைமையாசிரியருக்கு. கேலியைத் தடுக்கும் கொள்கை பெரும்பாலான பள்ளிகளில் எழுத்தில் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். "நாம் விருந்தாளிகள், பொறுத்துப் போகலாம்" என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பறையில் உங்கள் பிள்ளை மாணவன். மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை அவனுக்கும் உண்டு.

கற்றல் குறைபாடு இருக்கலாம், சோதிக்க வேண்டும் என்கிறார்கள்.

பதறாதீர்கள், உடனே மறுக்கவும் வேண்டாம். மொழி வராததைக் குறைபாடு என்று எடுத்துக்கொள்வதும் நடக்கிறது, உண்மையான குறைபாட்டை "மொழிதான் காரணம்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. முதலில் கண்ணும் காதும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு உங்களை நீங்களே கேளுங்கள்: நம் மொழியிலும் இவனுக்கு இதே சிரமம் உண்டா? ஒரு சின்னக் கதையைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா? இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் செய்கிறானா? சோதனையை வீட்டு மொழியிலும் செய்யக் கேளுங்கள். அமெரிக்கச் சட்டம், இயன்றவரை பிள்ளையின் சொந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்றே சொல்கிறது. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்த்துத் தரக் கேளுங்கள்.

இரண்டு வேலை பார்க்கிறேன். நேரமே இல்லை.

தினமும் பத்து நிமிடம், கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளையோடு பேசுங்கள். இரவு வேலை என்றால் காலையில், அல்லது நடந்து போகும் வழியில். அதோடு இரண்டைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்று தூக்கம்: 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். மற்றது வருகை. அமெரிக்கப் பள்ளிகளில் 10 சதவீத நாட்களைத் தவறவிட்டாலே கவலைக்குரிய வருகைக் குறைவு என்கிறார்கள். 180 நாளில் அது 18 நாள், மாதத்துக்கு இரண்டே நாள். குடியேற்ற அலுவலகம், மருத்துவமனை, வழக்கறிஞர் என்று அலையும் குடும்பத்தில் அது சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். முடிந்த சந்திப்புகளைப் பள்ளி விட்ட பிறகு கேளுங்கள். பிள்ளை வரத் தேவையில்லாத இடத்துக்கு அழைத்துப் போகாதீர்கள்.

மறுபடியும் வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். பள்ளியை என்ன செய்வது?

முதலில் கேட்டுப் பாருங்கள்: பள்ளி ஆண்டு முடியும்வரை தள்ளிப்போட முடியுமா என்று, வீடு ஒதுக்கும் அதிகாரியிடம் பள்ளியின் கடிதத்தோடு கேட்டால் சில சமயம் ஒப்புக்கொள்கிறார்கள். முடியாது என்றால், கிளம்பும் முன் ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். எந்தப் புத்தகம்வரை வாசிக்கிறான், கணிதத்தில் எங்கே இருக்கிறான், மொழி எந்த நிலை, என்ன உதவி கிடைத்துவந்தது என்று அதில் இருக்கட்டும். மதிப்பீட்டு அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, நல்ல நோட்டுகள் இரண்டு ஆகியவற்றோடு அதை ஒரே கோப்பில் போட்டு, எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் விடைபெற ஒரு நாள் கிடைக்கட்டும். முன்பு ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் அவர்கள். புது முகவரி தெரிந்த அன்றே அங்குள்ள பள்ளிக்கு எழுதுங்கள், இடம் மாறிய பிறகு என்று விட்டுவிட்டால் வாரங்கள் போய்விடும். புதுப் பள்ளியில் முதல் சந்திப்புக்குப் போகும்போது கோப்பிலிருந்து முதலில் அந்த ஆசிரியரின் கடிதத்தைக் கொடுங்கள். மொழி வகுப்பைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள்.